“அம்மாவுக்கும் பொழுது போகும்”

பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தாயை ஊரிலிருந்து அழைத்துவரும் பிள்ளைகள் ஏறத்தாழ எல்லோரும் ஒரே தொடரைச் சொல்கிறார்கள்: “அம்மாவுக்கும் பொழுது போகும்.” முதியோர் இடப்பெயர்வு குறித்த என் களப்பணியில், புனேயின் வடகிழக்கே லோஹேகாவ், தானோரி, விமான் நகர் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மகன் சொல்கிறான், மருமகள் சொல்கிறாள், சில வேளைகளில் பாட்டியே சொல்கிறார். அத்தொடரில் உள்ள ‘உம்’ என்னும் இடைச்சொல்லே என் கவலை. இலக்கணம் படித்தவர்கள் அதை எச்சவும்மை என்பார்கள்; சொல்லாமல் விட்ட இன்னொன்றைத் தழுவி நிற்பது. இங்கே சொல்லாமல் விடப்பட்டது, காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை இரு குழந்தைகளைப் பராமரிக்கும் வேலை. வேலையை எச்சமாக்கிவிட்டுப் பொழுதுபோக்கை மட்டும் வாய்விட்டுச் சொல்லும் வாக்கியம் அது.

பாட்டிக்குப் பேரக்குழந்தைகளோடு விளையாடுவதிலும், வெட்டி ஒட்டி முடைந்து மண் பிசைவதிலும் உண்மையான இன்பம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. மாறாக, அந்த இன்பத்தை நாம், குறிப்பாக ஆய்வாளர்கள், போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பதே என் குறை. பொருட்படுத்தாத காரணத்தால்தான் குடும்பங்கள் அதை வெகு எளிதாகக் கூலியாக மாற்றிக்கொள்கின்றன. உழைப்புக்கு ஈடாக மகிழ்ச்சி தரப்படுகிறது. அந்த மகிழ்ச்சியையும் அவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

லோஹேகாவ் இதைப் பேச ஏற்ற ஊர். வெளியூர்க்காரர்களுக்கு இவ்வூர் விமான நிலையமாகவும் விமானப்படைத் தளமாகவும் மட்டுமே தெரியும். வார்க்கரி அடியார்களுக்கோ இது துக்காராமின் ஆஜோள். தாய்வழிப் பாட்டி தாத்தாவின் வீட்டையும் ஊரையும் குறிக்கும் மராத்திச் சொல் ‘ஆஜோள்’. துக்காராமின் தாய் கனகாய் இவ்வூரில் பிறந்தவர் என்பது மரபு. பதினேழாம் நூற்றாண்டின் பெருங்கவிஞர் ஒருவரைப் பாட்டி வீட்டு உறவால் உரிமை கொண்டாடும் ஊர் இது. நமக்கும் ‘ஆச்சி வீடு’ என்றால் ஏறத்தாழ அதே பொருள்தான். (ஆச்சி, ஆஜி என்னும் ஒலி ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு சொற்பிறப்பியல் நண்பர்கள் பாய வேண்டாம்; நான் எதையும் நிறுவப் போவதில்லை.)

ஆஜோளில் குழந்தைதான் பாட்டியிடம் போகும். முழுப் பரீட்சை முடிந்ததும் பேருந்தேறி ஆச்சி வீட்டுக்குப் போன தலைமுறை நாங்கள். அந்த வீட்டில் ஆச்சி வீட்டுக்காரி. அடுக்களை அவருடையது, முற்றம் அவருடையது, எப்போது கதை சொல்வது, எப்போது “போய் வெளியே விளையாடுங்க” என்று விரட்டுவது என்பதெல்லாம் அவர் விருப்பம். இன்று லோஹேகாவின் அடுக்ககங்களில் நடப்பது இதன் தலைகீழ். பாட்டி குழந்தையிடம் வருகிறார். ஏழாம் மாடியில், தம்முடையது அல்லாத அடுக்களையில், தமக்குத் தெரியாத மொழி பேசும் காவலாளியையும் மின்தூக்கியையும் கடந்தால்தான் மண்ணை மிதிக்க முடியும் என்ற நிலையில் இருக்கிறார். செயல் அதேதான்: கதை, விளையாட்டு, கைவேலை. அதைச் செய்பவரின் அதிகாரம் மட்டும் இடம் மாறிவிட்டது. ஆஜோள் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இன்றைய நிலையைப் பேசும் நம் நெகிழ்ச்சிக் கட்டுரைகள் பலவும் இந்த மாற்றத்தைக் கவனிப்பதில்லை.

நான் பல மாதங்களாகப் பழகிவரும் ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அவர்களின் ஒப்புதலோடு, அடையாளங்களை நீக்கி எழுதுகிறேன். பாட்டி திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். பேரக்குழந்தைகள் இருவர், பெண்ணுக்கு ஆறு வயது, பையனுக்கு நான்கு. ஊரில் பனையோலை இருந்தால் கிலுகிலுப்பை முடைந்து கொடுத்திருப்பார். இங்கே பனை இல்லை. ஆனால் நாள்தோறும் கூரியர் பெட்டிகள் வருகின்றன. அவற்றைக் கட்டிவரும் மஞ்சள் நெகிழி நாடாவை அவர் எறிய விடுவதில்லை. நான்கு நாடாக்களை விரலிடுக்கில் கோத்து, ஓலை முடையும் அதே போக்கில் மடித்து மடித்து, உள்ளே இரண்டு புளியங்கொட்டைகளைப் போட்டு மூடினால் கிலுகிலுப்பை தயார். ஓலையைப் போல் நாடா படிந்து நிற்காது, எகிறும். எகிறும் முனையைப் பிடித்துக்கொள்வது பையனின் வேலை. அவன் விட்டுவிடுவான், எல்லாம் பிரிந்துவிடும், மூவரும் சிரிப்பார்கள், மறுபடி முதலிலிருந்து. நடுவே தளத்திலிருந்து சுகோய் விமானம் ஒன்று வானத்தைக் கிழித்துக்கொண்டு எழும்பினால் ஆச்சி பேச்சை நிறுத்தி, கையை உயர்த்திக் காத்திருப்பார். ஓசை அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார். குழந்தைகளுக்கும் அது பழகிவிட்டது. அவர்களும் கையை உயர்த்துகிறார்கள்.

தீபாவளியை ஒட்டி மராட்டியக் குழந்தைகள் மண்கோட்டை கட்டுவார்கள். ‘கில்லா’ என்று பெயர். கல்லும் சாக்கும் அடுக்கி, சேறு பூசி, உச்சியில் சிவாஜியையும் படிகளில் மாவளே வீரர்களையும் நிறுத்தி, சரிவுகள் பச்சையாகத் தெரியக் கடுகோ கேழ்வரகோ தூவுவார்கள். குடியிருப்பின் ஒரு மூலையில் பிள்ளைகள் கோட்டை கட்டத் தொடங்கியபோது ஆச்சி இரண்டு நாள் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. சேறு களிபோல் இளகியிருந்தது, சுவர் நிற்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். தேங்காய் நாரைப் பிய்த்து மண்ணில் கலந்தார். தண்ணீர்க் குவளையோடு வந்த மராட்டியச் சிறுவனை “பானி பஸ்” என்று தடுத்தார். புனேயில் அவர் கற்ற இந்தி அநேகமாக அவ்வளவுதான். விதை தூவியதும் அதன்மேல் நனைத்த சாக்கைப் போர்த்தி இரண்டு இரவு திறக்கக் கூடாது என்றார். பிள்ளைகள் நம்பவில்லை. சாக்கை எடுத்தபோது சரிவு முழுவதும் வெளிர் முளை அடர்ந்து நின்றது. அது முளைப்பாரி வளர்த்த கை. அம்மன் கொடைக்கு இருட்டறையில் முளை வளர்த்த அறிவு, மராத்தியக் கோட்டையின் சரிவில் வந்து விளைந்தது. அன்று அவர் முகத்தில் கண்டதைப் ‘பொழுதுபோக்கு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு துறையில் தேர்ந்தவர், தம் தேர்ச்சியை அறிந்துகொள்ளும் கூட்டத்தின் நடுவே நிற்கும் மகிழ்ச்சி அது.

இந்தக் கை வேறு ஒன்றும் செய்த கை. ஒன்பது, பத்து வயது தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆச்சி பீடி சுற்றியிருக்கிறார். மடியில் சுளகு, தகரத் துண்டின் அளவுக்கு வெட்டிய இலை, தூள், நூல். ஆயிரம் என்பது கணக்கு. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கழித்துப் போட்டது போக மீதிக்குத்தான் கூலி. பீடித் தொழிலாளருக்கென 1966-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வீட்டுத் திண்ணையில் நடக்கும் வேலைக்குச் சட்டம் எவ்வளவு தொலைவு நடந்து வரும் என்பது இத்துறையில் ஆய்வு செய்தவர்களுக்குத் தெரியும்.

அவர் அத்தொழிலைக் கற்ற முறையைக் கேட்டேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, முதலில் வாய் மடக்கி, பிறகு நூல் சுற்றி, பிறகு தானே சுற்றினாராம். கல்வியியல் நண்பர்களுக்கு இது பழக்கமான சித்திரம். குவாத்தமாலாவின் மாயா மக்களிடையே பல்லாண்டு ஆய்வு செய்த பார்பரா ரோகாஃப், பெரியவர்களின் வேலையைக் கவனித்து அதில் கைகொடுத்தபடியே குழந்தைகள் கற்பதை அழகாக விளக்கியிருக்கிறார். பள்ளிக்கூடப் பாடமுறைக்கு மாற்றாக அதை நாம் வகுப்பறைகளில் கொண்டாடுகிறோம். ஆனால் ஆச்சி பீடி சுற்றக் கற்றதும் நாடா முடையக் குழந்தைகள் கற்பதும் அதே முறைதான். முறையை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. வேறுபாட்டை அவரே சொன்னார்: “ஆயிரம் ஆச்சான்னு கேக்க ஆளில்லாம கையை ஓட்டுறது இப்பத்தாம்மா.” எண்ணிக்கை இல்லை, கழிவு இல்லை, பிரிந்து போனால் சிரிக்கலாம். அறுபதைக் கடந்த பிறகு, பயனற்ற ஒரு பொருளைத் தம் விரல்களால் செய்து பார்க்கும் உரிமை அவருக்கு முதன்முதலாகக் கிடைத்திருக்கிறது. ‘மரபுக் கைவினையை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் மூதாட்டி’ என்று அவரை எழுதுவது எவ்வளவு பெரிய பிழை! கடத்தப்பட வேண்டிய மரபாக அவர் கையில் இருந்தது பீடி. அதைக் கடத்தாமல் நிறுத்தியதில்தான் அவருக்குப் பெருமை.

இனி நம் துறையின் பக்கம் வருகிறேன். இந்திய அரசு 2019-இல் நாடு முழுவதும் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. கூலியற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்குச் செலவிட்ட நேரம் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண் 289, ஆண் 88. ஐந்தாண்டுகளில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது என்று மகிழ முற்பட்டால், ஆணும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறான்! இந்த எண்கள் இல்லாவிட்டால் வீட்டு வேலையைக் குறித்துப் பேசவே நமக்கு வாய் இருந்திராது. அவற்றைப் பெறப் பெண்ணியப் பொருளியலாளர்கள் பல்லாண்டுகள் போராடினார்கள். அப்போராட்டத்துக்கு நானும் கடன்பட்டவள்.

ஆனால் அக்கணக்கெடுப்புக்கு அடிப்படையான 2016-ஆம் ஆண்டின் பன்னாட்டு வகைப்பாட்டை எடுத்துப் பாருங்கள். மனிதரின் இருபத்து நான்கு மணி நேரமும் ஒன்பது பெரும்பிரிவுகளில் அடங்க வேண்டும். குடும்பத்தாருக்கான கூலியற்ற பராமரிப்பு நான்காம் பிரிவு; குழந்தைகளோடு விளையாடுவதும் அதற்குள்தான். பண்பாடு, ஓய்வு, பொழுதுபோக்கு எட்டாம் பிரிவு. கணக்கெடுப்பாளர் நாளை அரை மணித் துண்டுகளாக்கிக் கேட்பார். மாலை நான்கு முதல் நான்கரை வரை ஆச்சி நாடா முடைந்தார், குழந்தைகளும் உடனிருந்தார்கள். இது நான்கா, எட்டா? ஒரே அரை மணியில் ஒன்றுக்கு மேற்பட்ட செயல்களைப் பதியலாம் என்பது உண்மை. அப்படியே பதிந்தாலும் இரண்டு செயல்கள் அருகருகே நடந்ததாகத்தான் அது காட்டும். நடந்ததோ ஒரே செயல். நான்கில் போட்டால் அவர் மகிழ்ந்தது மறைகிறது. எட்டில் போட்டால் அவர் உழைத்தது மறைகிறது. குடும்பம் எட்டில் போடுகிறது. ஆய்வாளர் நான்கில் போடுகிறோம். இரு தரப்பும் அவரைக் கேட்பதில்லை.

மானுடவியலிலும் இதே கதைதான். தான்சானியாவின் ஹாட்சா மக்களிடையே கிழவிகள் கிழங்கு தோண்டும் கடும் உழைப்பைக் கிறிஸ்டன் ஹாக்ஸும் அவருடன் பணியாற்றியோரும் 1989-இல் எழுதினார்கள். மனிதப் பெண் மகப்பேற்றுக் காலம் முடிந்த பின்னும் நெடுங்காலம் வாழ்வது ஏன் என்ற கேள்விக்குப் ‘பாட்டி கருதுகோள்’ அங்கிருந்து வளர்ந்தது: பாட்டி உணவு தேடித் தந்ததால் பேரக்குழந்தைகள் பிழைத்தன. அருமையான வாதம். எனினும் பாட்டியின் இருப்புக்கே பேரக்குழந்தையைக் காரணமாக்கும் வாதமும்கூட. நம் கல்விக் கொள்கை இன்னொரு வாசல் வழியாக அதே இடத்துக்கு வருகிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பொம்மைவழிக் கற்பித்தல் பெரிதாகப் பேசப்படுகிறது. 2023-இல் ‘ஜாதுயீ பிட்டாரா’ என்ற பெட்டியே வந்தது. இதே புனே நகரில் அரவிந்த் குப்தா பல்லாண்டுகள் குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்து காட்டியதை நாம் அறிவோம்; அவர் செய்தது பெரும்பணி. ஆனால் இந்த உரையாடல் முழுவதிலும் பொம்மை எதற்கு என்றால் குழந்தைக்கு. குழந்தையின் விரல்நுட்பம், குழந்தையின் எண்ணறிவு, குழந்தையின் மொழி. எதிரே உட்கார்ந்து முடைபவருக்கும் ஓர் உள்ளம் உண்டு, அவரும் விளையாடிக்கொண்டிருக்கலாம் என்பது எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் வருவதில்லை.

அப்படியானால் எப்படித்தான் அறிவது? நான் பயன்படுத்தும் அளவுகோல் எளியது: அவர் “இன்றைக்கு வேண்டாம்” என்று சொல்ல முடிகிறதா? தலைவலி என்று சொல்லாமல், காரணம் எதுவும் காட்டாமல் சொல்ல முடிகிறதா? சொன்னால் அந்த மாலையைப் பார்த்துக்கொள்ள வேறு ஏற்பாடு இருக்கிறதா? பல வீடுகளில் இல்லை. நான் பேசிய பாட்டிகளில் சிலர், ஊரில் இறந்த உறவினரின் காரியத்துக்குக்கூடப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் மருமகளின் அலுவலக நாட்காட்டியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்களும் மாலையில் காகிதக் கப்பல் செய்கிறார்கள். அந்தப் படமும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதயக் குறிகளைப் பெறுகிறது. படத்தை மட்டும் பார்த்தால் கோட்டை கட்டிய ஆச்சிக்கும் இவருக்கும் வேறுபாடு தெரியாது.

இதற்காக மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. நம் தொலைக்காட்சித் தொடர்கள் அந்த வேலையைக் குறைவின்றிச் செய்கின்றன. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேற்று நலச் சட்டம் விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் நிறுவனங்களுக்குக் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்றது. நாளில் நான்கு முறை தாய் அங்குச் சென்றுவர உரிமை தந்தது. தாய் என்றுதான் சொன்னது. தந்தையைப் பற்றிப் பேச்சே இல்லை. கராடி, விமான் நகர் அலுவலகங்களில் வேலை பார்க்கும் நான் பேட்டி கண்ட பெண்களில் பெரும்பாலோர், தம் அலுவலகத்தில் அப்படி ஒன்று இருப்பதாகவோ, இருந்தாலும் பயன்படுமாறு இருப்பதாகவோ சொல்லவில்லை. நிறுவனம் கட்டாத காப்பகத்தின் செலவைத்தான் திருநெல்வேலியிலிருந்து வரும் ஆச்சி ஏற்றுக்கொள்கிறார். அவர் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்பதால் அந்தக் கடன் யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

“குடும்பத்துக்குள் கணக்குப் பார்க்கலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு; கருத்துப் பகுதியில் நிச்சயம் வருவார்கள். கணக்குப் பார்க்காத குடும்பத்தை நான் இன்னும் கண்டதில்லை. யாருடைய நேரத்தைக் கணக்கில் வைப்பது, யாருடையதை வைக்காமல் விடுவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வேறுபாடு.

பாட்டிக்கும் பேரக்குழந்தைக்கும் இடையே வேறுவிதமான ஏற்பாடும் முடியும் என்பதற்கு இதே மாநிலத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தாணே மாவட்டத்துப் பாங்கணே சிற்றூரில் 2016 மார்ச் 8 அன்று பாட்டிகளுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. ‘ஆஜிபாயீஞ்சி ஷாளா’. இளஞ்சிவப்புச் சேலைதான் சீருடை. எழுத்தறியாத மூதாட்டிகள் பலகையில் எழுதக் கற்றார்கள். வீட்டுப் பாடத்துக்குப் பேரக்குழந்தைகள் உதவினார்கள். செய்தித்தாள்கள் அதை வேடிக்கைச் செய்தியாகவே பெரிதும் எழுதின. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது நேரம். பாட்டிக்கென்று ஒரு வேளை ஒதுக்கப்பட்டது. அந்த வேளையில் அவர் யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

நான் சொன்ன ஆச்சிக்கும் அப்படி ஒரு வேளை இருக்கிறது, ஆனால் அதை அவரேதான் வாங்கிக்கொண்டார். ஊர்க் கொடைக்குப் போய்வர ஆண்டுக்கு ஒரு மாதம் வேண்டும் என்றும், ஞாயிற்றுக்கிழமை தம்மை யாரும் எதற்கும் கூப்பிடக் கூடாது என்றும் வந்த முதல் ஆண்டே சொல்லிவிட்டாராம். மகனுக்கு வருத்தம். அந்த ஒரு மாதத்துக்கு மகனும் மருமகளும் விடுப்பைப் பிரித்து எடுக்கிறார்கள். பிள்ளைகள் அரைநாள் காப்பகத்துக்குப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆச்சி பெரும்பாலும் என்ன செய்கிறார் என்று விசாரித்தேன். நாடா முடைகிறாராம். குழந்தைகள் தாமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் உண்டு, வராவிட்டால் தனியாக.

முதியோர், பராமரிப்பு, குழந்தைப் பருவம் ஆகிய துறைகளில் இப்போது வினாநிரல் தயாரித்துக்கொண்டிருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘பேரக்குழந்தைகளுடன் நேரம் செலவிடுவது உங்களுக்கு மகிழ்ச்சி தருகிறதா?’ என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். மகனும் மருமகளும் அடுத்த அறையில் இருக்கும்போது அதற்கு ஒரே விடைதான் வரும். அதற்குப் பதிலாக, குழந்தைகள் உறங்கிய பின் கையில் என்ன எடுக்கிறார் என்று கேளுங்கள். கடைசியாக எப்போது முடியாது என்றார், அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். ஊருக்குப் போகும் தேதியை யார் முடிவு செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இயன்றால் குடியிருப்பின் கீழே, மரத்தடி இருக்கையில் வைத்துக் கேளுங்கள். ஏழாம் மாடியில் கேட்டால் கிடைக்கும் விடை வேறு. வினாநிரலில் இவற்றைச் சேர்த்துப் பார்த்தவர்கள் எனக்கு எழுதினால் என் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவியாக இருக்கும்.